மண்ணீரலில் 6 சென்டிமீட்டர் கட்டி: புற்றுநோய்தானா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 10 வயது ஆண் லாப்ரடார். மூன்று வாரமாகச் சாப்பாடு குறைவு, வயிறு லேசாக உப்பியிருக்கிறது. போன வாரம் மாலை நடைக்குப் போன இடத்தில் கால் மடங்கிப் படுத்துவிட்டான், ஈறு வெளுத்திருந்தது. மறுநாள் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து சாப்பிட்டான். ஸ்கேனில் மண்ணீரலில் 6 சென்டிமீட்டர் கட்டி. உள்ளூர் டாக்டர் "புற்றுநோயாக இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று தடுக்கிறார்கள். ஊசி வழியாகச் செல் எடுத்துப் பார்க்கலாமா, ரத்தப் பரிசோதனையில் தெரியாதா, சி.டி. ஸ்கேன் எடுத்தால் முடிவாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

நான் பல வருடம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்தவன். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது கட்டியின் அளவு இல்லை. போகிற போக்கில் சொன்ன அந்த வரிதான்: படுத்துவிட்டான், ஈறு வெளுத்தது, மறுநாள் சரியாகிவிட்டான்.

அது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். மண்ணீரல் கட்டியில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கியதும் நாய் படுத்துவிட்டது. அழுத்தம் குறைந்ததால் கசிவும் நின்று, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. வயிற்றுக்குள் கொட்டிய ரத்தத்தில் பெரும்பகுதியை உடம்பே ஓரிரு நாளில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நாய் மறுநாள் எழுந்து வாலாட்டுகிறது. வெயில் தாங்கவில்லை, வயசாகிவிட்டது என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ விழுந்த பிறகுதான் வந்தார்கள். நீங்கள் முதல் தடவையிலேயே ஸ்கேன் எடுத்துவிட்டீர்கள். அது நல்லது.

சரி, புற்றுநோயா இல்லையா? நேராகச் சொல்கிறேன். ஸ்கேன் கட்டி இருப்பதைக் காட்டும், அதன் பெயரைச் சொல்லாது. மண்ணீரலைப் பொறுத்தவரை அதை வெளியே எடுத்து, துண்டு போட்டு, நுண்ணோக்கியில் ஒரு பேத்தாலஜிஸ்ட் பார்த்த பிறகுதான் பெயர் உறுதியாகும். அதாவது, பெயர் தெரிவதற்கு முன்பே நீங்கள் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். உங்களுக்குக் குழப்பமே இதில்தான். அதற்கு முன்னால் செய்கிற பரிசோதனைகள் எல்லாம் வேறு கேள்விக்கான பதில்கள்: இது வேறெங்காவது போயிருக்கிறதா, இந்த நாய் ஆபரேஷனைத் தாங்குமா.

மண்ணீரலில் வருகிற கட்டிகளில் மோசமானது ஹீமாஞ்சியோசர்கோமா. ரத்தக் குழாயின் உள்பூச்சுச் செல்களில் பிறக்கிற புற்று. அதனால்தான் அது ரத்தம் நிரம்பிய பஞ்சு மாதிரி வளர்ந்து சட்டென்று கிழிகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் ஆகிய மூன்றும் இதற்குப் பேர்போன இனங்கள். ஆனால் அதே இடத்தில் அதே அளவில் வெறும் ரத்தக்கட்டும் வரும், முடிச்சு முடிச்சாக வளர்கிற சாதாரணத் திசு வளர்ச்சியும் வரும். இவை இரண்டும் புற்றே இல்லை, எடுத்தால் தீர்ந்தது. ஸ்கேன் திரையில் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

கால்நடை மருத்துவப் புத்தகங்களில் 'மூன்றில் இரண்டு' என்றொரு கணக்கு உண்டு. மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு புற்று, அந்தப் புற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமாஞ்சியோசர்கோமா. பெருக்கிப் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. இதை அப்படியே பிடித்துக்கொள்ளவும் கூடாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், ரத்தம் கசியாத நிலையில் தற்செயலாகக் கண்ணில் பட்ட கட்டிகளில் பெரும்பான்மை சாதாரணக் கட்டிகள் என்று வந்த ஆய்வும் இருக்கிறது. அடிபடாமலே வயிற்றுக்குள் ரத்தம் கசிந்த நாய்களில் கணக்கு புற்றின் பக்கம் சாய்கிறது. உங்கள் நாய் இந்த இரண்டாவது கூட்டம். எனவே பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தம் கசிந்தது என்பதாலேயே புற்று என்று முத்திரை குத்தவும் முடியாது, ரத்தக்கட்டும் கிழியும்.

அளவை வைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை 11 வயது நாட்டு நாய் ஒன்றைக் கருணைக்கொலைக்கு என்றே கூட்டி வந்தார்கள். வயிற்றில் தேங்காய் அளவு கட்டி. எடுத்து அனுப்பினால் ரத்தக்கட்டு என்று ரிப்போர்ட் வந்தது. அது அப்புறம் மூன்று வருடம் தெருவில் வருகிற போகிற பைக்கையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தது. அதே வருடம் ஒரு ஷெப்பர்டுக்கு எலுமிச்சை அளவுக் கட்டி, நல்லவேளை சின்னதிலேயே பார்த்துவிட்டோம் என்று நானே சொன்னேன். ஹீமாஞ்சியோசர்கோமா. ஏழு வாரம்தான் இருந்தது. மண்ணீரலில் பெரிதாக இருப்பது கெட்டது, சிறிதாக இருப்பது நல்லது என்கிற கணக்கு செல்லாது. பெயர் தெரிந்த பிறகுதான் அளவுக்கு அர்த்தம். புற்று என்று உறுதியானால், 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, கிழியாமல், மண்ணீரலோடு நின்றிருப்பதை முதல் கட்டம் என்பார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது நாய்களில் அருமையான பரிசோதனை. தோலடிக் கட்டி, வீங்கிய நெறிக்கட்டி என்றால் முதலில் அதைத்தான் செய்வேன். லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றும், மாஸ்ட் செல் கட்டி என்ற தோல் புற்றும் ஊசியிலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மண்ணீரலே ஒட்டுமொத்தமாக வீங்கி, தனிக் கட்டி இல்லாமல் இருந்தாலும் ஊசி உதவும். ஆனால் உள்ளே ரத்தக் குளம் மாதிரி இருக்கிற கட்டியில் குத்தினால் வருவது ரத்தம் மட்டும்தான். ஹீமாஞ்சியோசர்கோமாவின் செல்கள் சுலபத்தில் உதிர்ந்து வராது. "ரத்தம் மட்டும் உள்ளது, முடிவு சொல்ல இயலாது" என்ற ரிப்போர்ட்டுக்காக, ஏற்கெனவே ஒருமுறை கசிந்த கட்டியைக் குத்தி மறுபடி கசியவிடுவானேன்? உங்கள் டாக்டர் ஊசி வேண்டாம் என்றிருந்தால் அது அனுபவம் பேசுவது. வயிற்றில் தேங்கியிருக்கும் திரவத்தை ஊசியில் எடுப்பது வேறு. அதைத் தயங்காமல் செய்யலாம். உறையாத ரத்தமாக வந்தால், நான் மேலே சொன்ன கசிவுக் கதை உறுதியாகிவிடும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. சிறுநீர்ப் பையில் கட்டி என்றால் வயிற்று வழியாக ஊசி போடவே கூடாது. ஊசி போன பாதையிலேயே புற்று முளைக்கலாம். அதற்குச் சிறுநீரில் பி-ராஃப் என்ற மரபணு மாற்றத்தைத் தேடுகிற பரிசோதனை இருக்கிறது, குழாய் விட்டுச் செல் எடுக்கவும் முடியும்.

ரத்தப் பரிசோதனை? சாதாரண ரத்த எண்ணிக்கையும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் புற்றைக் காட்டாது. உள்ளே பெரிய கட்டியை வைத்துக்கொண்டு எல்லா எண்ணும் சரியாக இருக்கிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவற்றை எடுத்தாக வேண்டும். ஏனென்றால் சில தடயங்கள் கிடைக்கும். நாயின் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்கிற பி.சி.வி. என்ற எண் 37 முதல் 55 வரை இருக்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தம் கசிந்தவுடன் மண்ணீரல் சுருங்கித் தன் சேமிப்பிலிருந்து சிவப்பணுக்களை வெளியே தள்ளும். அதனால் முதல் சில மணி நேரம் பி.சி.வி. சரியாகவே காட்டும், புரதத்தின் அளவுதான் முதலில் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ரிப்போர்ட்டை வைத்து "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்று வீட்டுக்கு அனுப்பினால் இரவில் நாய் மறுபடி விழும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும்போது உடைந்த, முள் முளைத்த சிவப்பணுக்களும், கூடவே ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களின் குறைவும் இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். அதுவும் சந்தேகம்தான், தீர்ப்பில்லை. புற்று இருக்கிறதா என்று ரத்தத்திலேயே தேடுகிற புதுப் பரிசோதனைகள் சில வெளிநாடுகளில் வந்திருக்கின்றன. அவற்றில் சில கடுமையான அழற்சியிலும் உயரும் என்பதால், இந்தக் கட்டியை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அவை பெரிதாக உதவாது.

தட்டணு என்றதும் உண்ணியைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் நாய்க்கு மண்ணீரல் பெருத்து, தட்டணு குறைந்து, சோர்ந்து படுத்தால் முதலில் நினைவுக்கு வருவது உண்ணி பரப்புகிற எர்லிச்சியா, பபீசியா தொற்றுகள்தான். அது நியாயமே. அந்த நோய்களில் மண்ணீரல் முழுக்கச் சீராக வீங்கும், 6 சென்டிமீட்டர் தனிக் கட்டியாக நிற்காது. எர்லிச்சியா பரிசோதனைக் கிட்டில் கோடு விழுந்தது என்பதற்காக டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் கொடுத்து முடித்துவிட்டு அப்புறம் கட்டியைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கோடு என்றைக்கோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நாயில் இருப்பது இங்கே அபூர்வமும் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் இதைப் பார்த்து, தேவையானால் மருந்தைத் தொடங்கிவிடுவது அவசியம். தட்டணு அடிமட்டத்தில் இருக்கிற நாயின் வயிற்றைத் திறப்பது விபரீதம்.

இன்னொரு எச்சரிக்கை, என் தப்பிலிருந்தே. தொழிலுக்கு வந்த புதிதில், சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாய்க்குப் பசி எடுக்கட்டும் என்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டேன். இரண்டே நாளில் துள்ளியது. வீட்டார் என்னைக் கும்பிட்டார்கள். மூன்று வாரத்தில் திரும்ப விழுந்தது. குடலில் லிம்ஃபோமா. ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். மாதிரி எடுத்தால் தெளிவாகத் தெரியாது, பிறகு முறையான கீமோ கொடுத்தாலும் சரியாகக் கேட்காது. வயிற்றில் கட்டி என்ற சந்தேகம் இருக்கும்போது, மாதிரி எடுக்கும் வரை யாரும் ஸ்டீராய்டு போட விடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வயிறு உப்புவதற்குப் புற்று ஒன்றே காரணம் இல்லை என்பதையும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கருத்தடை செய்யாத பெண் நாய், சூட்டுக்கு வந்து ஓரிரு மாதத்தில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து வயிறு பெருத்தால் அது கருப்பையில் சீழ். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தாலும், கல்லீரல் கெட்டாலும், ரத்தத்தில் புரதம் குறைந்தாலும் வயிற்றில் நீர் கோக்கும். சில நிமிடங்களிலோ மணிகளிலோ வயிறு பலூன் மாதிரி ஊதி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது, அதற்கு ஸ்கேன், ஆலோசனை எல்லாம் கிடையாது, ஓட வேண்டியதுதான். உங்கள் ஆண் நாய்க்கு இன்னொன்றும் தடவிப் பாருங்கள்: விதை இரண்டும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா? இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்ற விதையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு. மடி பெருத்து, முடி உதிர்ந்து, மற்ற ஆண் நாய்கள் பின்னால் சுற்ற ஆரம்பித்தால் அதுதான்.

உங்களுக்குத் தேவையான பரிசோதனைகளுக்கு வருவோம். வயிறு ஸ்கேன் ஆகிவிட்டது. அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே. ஒரு படம் போதாது, இடப்பக்கம், வலப்பக்கம், நேராக என்று மூன்று கோணம் வேண்டும். ஒரு பக்கம் படுத்திருக்கும்போது அடிப்பக்க நுரையீரல் அமுங்கி, அங்கே இருக்கும் சிறு முடிச்சு மறைந்துவிடும். அப்புறம் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன். ஹீமாஞ்சியோசர்கோமா இதயத்தின் வலது மேலறையிலும் குடியேறும் பழக்கம் உள்ளது. அங்கே ஒன்று இருந்தால் மண்ணீரலை எடுப்பதில் பயன் குறைவு. சி.டி. இருந்தால் நல்லது, கல்லீரலிலும் நுரையீரலிலும் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளைக் கூடப் பிடிக்கும். ஆனால் எங்கும் கிடைப்பதில்லை, மயக்கமோ கனமான தூக்க மருந்தோ கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் பெயரைச் சொல்லாது. கசிந்த நாயை சி.டி.க்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டியில் அலைக்கழிப்பதை விட அந்தக் காசையும் நேரத்தையும் ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் வைப்பேன். ரத்தம் என்றால் ஏற்றுவதற்கு. நல்ல உடல்நிலையில், தடுப்பூசி எல்லாம் போட்ட, 25 கிலோவுக்கு மேலுள்ள ஒரு கொடையாளி நாயை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் என்றால் வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கத்தி பட்டால் பரவுமா? பெரியவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆபரேஷன் செய்த பிறகு சில வாரத்தில் இறந்த நாயை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஹீமாஞ்சியோசர்கோமா ரத்தக் குழாயிலேயே பிறப்பதால், கண்ணுக்குத் தெரியும் முன்பே ரத்தத்தில் விதை தூவியிருக்கும். தானாகக் கிழிகிறபோதும் வயிறெங்கும் தூவும். கத்தி அதைத் தொடங்கிவைக்கவில்லை. மாறாக, அடுத்த கசிவு வராமல் காப்பதும், பெயரைக் கண்டுபிடிப்பதும் ஒரே ஆபரேஷனில் முடிகிறது.

ஆபரேஷன் என்றால் ஆபத்தே இல்லையா என்றால் இருக்கிறது. மண்ணீரலை எடுத்த பிறகு முதல் ஓரிரு நாள் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அதனால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு உள்நோயாளியாக வைத்திருக்க வேண்டும். ஆபரேஷனை ஒட்டி இறப்பவை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே என்பது பெரிய ஆய்வுகளில் வந்த கணக்கு. நல்ல வசதியுள்ள இடங்களின் கணக்கு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் முதல் நாளே ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். வயிற்றைத் திறந்து பார்க்கும்போது கல்லீரலிலும் முடிச்சுகள் இருந்தால் என்ன செய்வது? பலர் அந்த நிமிடத்தில் வெளியே வந்து "பரவிவிட்டது, மயக்கத்திலேயே அனுப்பிவிடலாமா" என்று கேட்பார்கள். வயதான நாய்களின் கல்லீரலில் முடிச்சு என்பது நமக்குத் தலை நரைப்பது மாதிரி, பெரும்பாலும் சாதாரணம். கண்ணால் பார்த்து அதைப் புற்று என்று சொல்ல யாராலும் முடியாது. வயிற்றுச் சுவரெங்கும் கறுஞ்சிவப்புக் கொப்புளங்களாக இறைந்து கிடந்தால் அது வேறு கதை. மற்றபடி கல்லீரலிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, மண்ணீரலை நீக்கி, வயிற்றை மூடச் சொல்லுங்கள்.

இனி, பலரும் கோட்டை விடுகிற இடம். எடுத்த மண்ணீரலில் நகம் அளவு ஒரு துண்டை வெட்டி அனுப்பினால், பெரிய ரத்தக்கட்டின் நடுப்பகுதி போய்ச் சேரும். "ரத்தக்கட்டு" என்று ரிப்போர்ட் வரும், வீட்டில் பாயசம் வைப்பார்கள். புற்றுச் செல்கள் சுவர் ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் இருந்திருக்கலாம். முடிந்தால் முழு மண்ணீரலையும் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால், கட்டியும் நல்ல திசுவும் சேரும் ஓரங்களிலிருந்து நாலைந்து துண்டுகளாவது வேண்டும். பதப்படுத்துகிற ஃபார்மலின் திரவம், திசுவைப் போல பத்து மடங்கு இருக்க வேண்டும். பெரிய உறுப்பென்றால் ரொட்டி நறுக்குகிற மாதிரி இடையிடையே வெட்டிவிட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் வெளியே பதப்பட்டு உள்ளே அழுகிப் போகும். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. "டாக்டர், எத்தனை துண்டு அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள், போதும்.

ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தப்பில்லை. நுரையீரலிலோ இதயத்திலோ ஏற்கெனவே முடிச்சு தெரிந்தால் நானே வேண்டாம் என்பேன். ஹீமாஞ்சியோசர்கோமா என்றால் மண்ணீரலை மட்டும் எடுத்த நாய்கள் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம், டாக்சோரூபிசின் கீமோவும் சேர்த்தால் நாலிலிருந்து ஆறு மாதம். ஒரு வருடம் தாண்டுபவை சொற்பம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எதிர்ப்பக்கம், சாதாரணக் கட்டியாக இருந்தால் மிச்ச ஆயுள் முழுக்க அவனுடையது. எக்ஸ்ரேயும் எக்கோவும் சுத்தமாக இருந்தால், என் நாயாக இருந்தால் நான் எடுத்துவிடுவேன்.

அதுவரை வீட்டில்: ஓட்டம், மாடிப்படி, சோபாவில் ஏறிக் குதிப்பது எல்லாம் நிறுத்தம். வயிற்றை யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். தையற்காரர் டேப்பால் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் தினமும் காலையில் ஒரே இடத்தில் சுற்றளவு எடுத்துக் குறித்துவையுங்கள். இப்போதே, நன்றாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் ஈறை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். இரவில் ட்யூப்லைட்டில் பார்க்கும்போது ஒப்பிட ஏதாவது வேண்டும். லாப்ரடாருக்கு ஈறில் கறுப்புப் படர்ந்திருந்தால் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை, எழ மாட்டேன் என்கிறான் என்றால் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்புங்கள். போகும்போதே போன் செய்து "மண்ணீரல் கட்டி, ரத்தம் கசிகிறது" என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஊசியும் ஸ்கேனும் தயாராக இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தையல் பிரிக்கிற நாளும் ஏறக்குறைய அதுவே. அந்த ரிப்போர்ட்டில் கடைசி வரியை மட்டும் படிக்காமல், எத்தனை துண்டு பார்த்தார்கள் என்பதையும் படியுங்கள். ஒரே துண்டைப் பார்த்து "ரத்தக்கட்டு" என்று எழுதியிருந்தால், மிச்சம் ஃபார்மலினில் இருக்கிறதா என்று கேட்டு இன்னும் சில துண்டுகள் பார்க்கச் சொல்லுங்கள். அதனால் மிச்சத் திசுவை ரிப்போர்ட் வரும் வரை தூக்கி எறிய வேண்டாம் என்று ஆபரேஷன் அன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள்.